செத்த செல்லா, சாகப்போகும் செல்லா? ஒளியை வைத்து கண்டுபிடிப்பது எப்படி?

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்துக்கு மீன் வாங்க வருகிறவர்கள், விலை பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்வார்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். நல்ல சிவப்பாக இருந்தால் புதுசு. வெளிறிப்போயோ பழுப்பாகவோ இருந்தால் பிடித்து நேரமாகிவிட்டது என்று அர்த்தம். கண் தெளிவாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மறுபடி மேலே எழும்புகிறதா என்றும் பார்ப்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கூடையில் கிடக்கும் எல்லா மீனும் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் வித்தியாசம் புரியும்.

புற்றுநோய் மருந்து கண்டுபிடிக்கும் ஆய்வகங்களிலும் கிட்டத்தட்ட இதே பிரச்சினைதான். ஒரு தட்டில் லட்சக்கணக்கான செல்கள். மருந்தைக் கொடுத்தாயிற்று. எது உயிரோடு இருக்கிறது, எது சாகத் தொடங்கியிருக்கிறது, எது செத்தே போய்விட்டது? சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் உறுதியாகச் சொல்வது கஷ்டம். அங்கே செவுளைத் தூக்கிப் பார்க்கும் வேலையைச் செய்பவைதான் ஒளிரும் சாயங்களும் ஒளிரும் புரதங்களும்.

இவை எப்படி வேலை செய்கின்றன? சாகும் செல்லை மட்டும் சரியாகத் தேடிப்பிடிப்பது எப்படி? 'இந்த மூலிகை புற்றுநோய் செல்லைக் கொல்கிறது' என்று வாட்ஸ்ஆப்பில் வரும் செய்திக்கும், குமரிக் கடற்கரை மணலில் இருக்கும் கதிரியக்கம் பற்றிய அச்சத்துக்கும் இதோடு என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

செல் சாவதிலும் இரண்டு வகையா?

ஆமாம். தென்னையை எடுத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும்.

வயதான ஓலை மரத்திலிருந்து தானாகக் காய்ந்து, அடி தளர்ந்து, ஒருநாள் கீழே விழும். மரத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. இது ஒரு வகை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்தில் மரங்கள் முறிந்து விழுந்ததே, அது இன்னொரு வகை. மரம் மட்டும் போகவில்லை. பக்கத்தில் இருந்த கூரையும் மின்கம்பியும் சேர்ந்து போயின.

செல்லிலும் அப்படித்தான். பழுதான செல், வேண்டாத செல், வயதான செல் ஆகியவை தங்களுக்குள்ளேயே ஒரு திட்டப்படி சுருங்கி, உள்ளே இருப்பதைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி, பக்கத்து செல்கள் அவற்றை விழுங்கிக்கொள்ளும்படி அமைதியாக முடிந்துபோகும். இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். 1972-ல் ஜான் கெர், ஆண்ட்ரூ வைல்லி, அலஸ்டர் கர்ரி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இந்தப் பெயரைக் கொடுத்தார்கள். கிரேக்க மொழியில் இந்தச் சொல்லுக்கு 'இலை உதிர்வது' என்றுதான் பொருள்.

அடிபட்டோ, வெந்தோ, ரத்த ஓட்டம் நின்றோ, விஷம் பட்டோ செல் வீங்கி வெடித்தால் அது நெக்ரோசிஸ். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டும். சுற்றியுள்ள இடம் வீங்கும், சிவக்கும், வலிக்கும்.

நம் உடலில் தினமும் பல ஆயிரம் கோடி செல்கள் இறந்து, அந்த இடத்துக்குப் புதியவை வருகின்றன. இதில் பெரும்பகுதி அமைதியான உதிர்வுதான். இந்தத் திட்டமிட்ட மரணத்தின் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக 2002-ல் சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகியோருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்தது ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவை. அது வளரும்போது 1,090 செல்கள் உருவாகின்றன. அதில் சரியாக 131 செல்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் குறித்த நேரத்தில் இறந்துபோகின்றன.

இதைத் தெரிந்து என்ன பயன்?

புற்றுநோய் செல்லின் முக்கியமான கோளாறுகளில் ஒன்று, அது உதிர மறுப்பது. பழுதான பிறகும் அது சாகாமல் பெருகிக்கொண்டே போகும். பல கீமோதெரபி மருந்துகளும் கதிர்வீச்சு சிகிச்சையும் செய்வது, அந்த செல்லை மறுபடியும் உதிர வைப்பதைத்தான்.

அதனால் புதிய மருந்தைச் சோதிக்கும்போது 'செல் செத்ததா?' என்ற கேள்வி மட்டும் போதாது. 'எப்படிச் செத்தது?' என்பதும் முக்கியம். உதிர்ந்து செத்தால், மருந்து செல்லின் உள்ளே இருக்கும் திட்டத்தைத் தட்டி எழுப்பியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெடித்துச் செத்தால், அது வெறும் விஷமாகக்கூட இருக்கலாம். அப்படிப்பட்டது நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்லும்.

ஒளிர்வு என்றால் என்ன?

கடையில் 500 ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழ் காட்டினால், கண்ணுக்குத் தெரியாத சில இழைகள் பளிச்சென்று மின்னும். அதுதான் ஒளிர்வு. ஒரு பொருள் ஒரு நிற ஒளியை வாங்கிக்கொண்டு, வேறொரு நிறத்தில் திருப்பித் தருகிறது. வாங்கும் ஒளி அதிக ஆற்றல் கொண்டது. தரும் ஒளி சற்றுக் குறைந்த ஆற்றல் கொண்டது. நீல ஒளியை வாங்கிப் பச்சையாகத் தரும், பச்சையை வாங்கிச் சிவப்பாகத் தரும். 1852-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி இதை விளக்கினார். மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன் கரைசலை வைத்தும் அவர் சோதித்தார்.

ராத்திரியில் கடலில் வலை இழுக்கும்போது தண்ணீர் நீலமாக மினுங்குவதை மீனவர்கள் பார்த்திருப்பார்கள். அது வேறு. அங்கே நுண்ணுயிர்கள் வேதிவினை மூலம் தாங்களே ஒளியை உண்டாக்குகின்றன. ஒளிரும் சாயத்துக்கோ வெளியிலிருந்து ஒளி அடித்தாக வேண்டும்.

சாகும் செல்லை மட்டும் எப்படித் தேடிப்பிடிக்கிறது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சாயம் ஒளிர்ந்தால் மட்டும் போதாது. உயிருள்ள செல்லை விட்டுவிட்டு, சாகும் செல்லை மட்டும் பிடிக்க வேண்டும். அதற்கு, சாகும் செல்லில் மட்டும் நடக்கும் மாற்றம் எது என்று தெரிய வேண்டும். முக்கியமானவை மூன்று.

1. உள்பக்கம் வெளியே வருவது. செல்லைச் சுற்றி இரண்டு அடுக்குள்ள மெல்லிய கொழுப்புச் சுவர் இருக்கிறது. அதில் பாஸ்ஃபடிடைல்செரின் என்ற ஒரு கொழுப்பு, உயிருள்ள செல்லில் உள் அடுக்கில்தான் இருக்கும். செல் உதிரத் தொடங்கியதும் அது வெளி அடுக்குக்கு வந்துவிடும். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்ட மாதிரி. பக்கத்து செல்கள் அதைப் பார்த்துதான் 'இதை விழுங்கலாம்' என்று முடிவு செய்கின்றன.

அனெக்சின் வி என்ற புரதம் இந்தக் கொழுப்போடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். கால்சியம் இருந்தால்தான் ஒட்டும். அதன் மேல் பச்சையாக ஒளிரும் சாயத்தைக் கட்டிவிட்டால், உதிரத் தொடங்கிய செல் மட்டும் பச்சையாகத் தெரியும். 1994-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்த வழியைக் காட்டினார்கள். இன்று உலகம் முழுக்க அதிகம் பயன்படும் முறைகளில் இதுவும் ஒன்று.

2. கதவு உடைவது. புரொப்பிடியம் அயோடைடு என்று ஒரு சிவப்புச் சாயம். சுவர் முழுசாக இருக்கும் செல்லுக்குள் இதனால் நுழைய முடியாது. சுவர் உடைந்துபோனால் உள்ளே புகுந்து டிஎன்ஏவின் படிகளுக்கு நடுவே சொருகிக்கொள்ளும். அப்போது அதன் ஒளிர்வு 20 முதல் 30 மடங்கு கூடும். ஆக, சிவப்பு தெரிந்தால் கதவு உடைந்துவிட்டது என்று பொருள்.

3. கத்தரிக்கோல் வேலை செய்யத் தொடங்குவது. உதிரும் செல்லுக்குள் காஸ்பேஸ் என்ற நொதிகள் விழித்துக்கொள்ளும். இவை கத்தரிக்கோல் மாதிரி. கண்ட இடத்தில் வெட்டாது. குறிப்பிட்ட நான்கு அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வரிசையில் இருந்தால் மட்டும், அந்த இடத்தில் வெட்டும். அந்த நான்கு எழுத்தை ஒரு சாயத்துக்குப் பூட்டாகப் போட்டுவிட்டால் போதும். காஸ்பேஸ் வந்து பூட்டை வெட்டும்போதுதான் சாயம் ஒளிரும்.

முதல் இரண்டு சாயங்களையும் ஒன்றாகப் போட்டால் கிடைக்கும் விடை இது:

- பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை: உயிரோடு இருக்கிறது.
- பச்சை மட்டும்: உதிரத் தொடங்கியிருக்கிறது, கதவு இன்னும் உடையவில்லை.
- பச்சையும் சிவப்பும்: உதிர்ந்து கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது, அல்லது வெடித்துச் செத்தது.
- சிவப்பு மட்டும்: பெரும்பாலும் சுவர் உடைந்துபோன செல்.

ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி செல்களை ஒவ்வொன்றாக வரிசையில் ஓடவிட்டு லேசர் அடித்துப் பார்க்கும். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான செல்களை எண்ணி, இந்த நான்கு கட்டங்களில் பிரித்துப் போட்டுவிடும்.

மூன்றாவது கட்டத்தில் ஒரு குழப்பம்

மேலே மூன்றாவது வரியை மறுபடி பாருங்கள். 'அல்லது' என்று இருக்கிறது. அதுதான் சிக்கல். சுவர் உடைந்த செல்லுக்குள் அனெக்சினும் போய் உள் அடுக்கில் ஒட்டிக்கொள்ளும். எனவே உதிர்ந்து கடைசிக் கட்டத்துக்கு வந்த செல்லும், நேரடியாக வெடித்த செல்லும் ஒரே நிறத்தில் நிற்கும். காலையில் ஓலை தானாக விழுந்ததா, காற்றில் முறிந்ததா என்று சாயங்காலம் வந்து பார்த்தால் எப்படித் தெரியும்? விழும்போதே பார்த்திருக்க வேண்டும்.

செல்லையும் அப்படி நேரலையாகப் பார்க்க ஒரு வழியைக் கண்டுபிடித்தவர்கள், தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்து நகரமான திருவனந்தபுரத்தில் இருக்கிறார்கள்.

திருவனந்தபுரத்தில் என்ன செய்தார்கள்?

குமரி மேற்குக் கடற்கரையில் இருந்து புற்றுநோய் சிகிச்சைக்காகப் பலரும் போகிற ஊர் திருவனந்தபுரம். அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. அதே நகரத்தில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனமும் உண்டு. அங்கே டி.ஆர்.சந்தோஷ்குமார் குழுவினர், செல்லுக்குள்ளேயே நிரந்தரமாக விளக்குகளைப் பொருத்தினார்கள். 2017-ல் அந்த ஆய்வு வெளியானது.

அவர்கள் செய்தது இதுதான். புற்றுநோய் செல்லின் மரபணுவில் மாற்றம் செய்து, அது தானாகவே இரண்டு வகை ஒளிரும் புரதங்களைத் தயாரிக்கும்படி வைத்தார்கள்.

முதலாவது, ஒரு ஜோடி விளக்கு. ஒன்று நீலப்பச்சை, இன்னொன்று மஞ்சள். இரண்டையும் காஸ்பேஸ் வெட்டக்கூடிய ஒரு சிறு சங்கிலியால் இணைத்திருக்கிறார்கள். இரண்டும் மிக மிக நெருக்கமாக, அதாவது 10 நானோமீட்டருக்குள் இருக்கும்போது, நீலப்பச்சை விளக்கு தன் ஆற்றலை மஞ்சளிடம் கொடுத்துவிடும். அதனால் மஞ்சள்தான் மின்னும். காஸ்பேஸ் சங்கிலியை வெட்டினால் ஜோடி பிரிந்துவிடும். கொடுக்க ஆள் இல்லாததால் நீலப்பச்சையே மின்னும்.

இரண்டாவது, மைட்டோகாண்ட்ரியாவில் பொருத்திய சிவப்பு விளக்கு. செல்லின் மின் நிலையம் என்று பள்ளியில் படித்தோமே, அதே மைட்டோகாண்ட்ரியாதான். அங்கே பூட்டியிருப்பதால் இந்தச் சிவப்பு சுலபத்தில் வெளியே போகாது.

இப்போது மூன்று நிலைகளும் தெளிவாகப் பிரியும்:

- உயிருள்ள செல்: ஜோடி பிரியவில்லை, சிவப்பும் இருக்கிறது.
- உதிரும் செல்: ஜோடி பிரிந்து நிறம் மாறுகிறது, சிவப்பும் இருக்கிறது.
- வெடித்த செல்: ஜோடி விளக்குகள் வெட்டுப்படாமலேயே, உடைந்த சுவர் வழியாக வெளியே வழிந்துவிட்டன. சிவப்பு மட்டும் மிச்சம்.

வெளியிலிருந்து சாயம் போட வேண்டியதில்லை. செல்லை எடுத்துக் கழுவி, சாயம் ஊற்றி, அந்த ஒரு நொடியை மட்டும் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே செல்லை மணிக்கணக்கில் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் உதிரத் தொடங்கி, பிறகு சுவர் உடைந்ததா, எடுத்த எடுப்பில் உடைந்ததா என்பது தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் நிறைய மருந்துப் பொருட்களைச் சோதித்து, எது எந்த வகையில் கொல்கிறது என்று பிரிக்கவும் இது உதவும்.

இந்த விளக்குகள் எங்கிருந்து வந்தன?

கடலில் இருந்துதான். ஜப்பானைச் சேர்ந்த ஒசாமு ஷிமோமுரா, அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான ஜெல்லி மீன்களைப் பிடித்து, அவற்றிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதைப் பற்றி 1962-ல் எழுதினார். பின்னாளில் மார்ட்டின் சால்ஃபி அந்தப் புரதத்தின் மரபணுவை வேறு உயிரினத்தில் வேலை செய்ய வைத்தார். ரோஜர் சியென் அதை நீலப்பச்சை, மஞ்சள் என்று பல நிறங்களில் மாற்றிக் காட்டினார். மூவருக்கும் 2008-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ரோஜர் சியெனின் ஆய்வுகள்தான் 'ஜோடி விளக்கு' முறை பரவலாகவும் காரணம். சிவப்பு விளக்கு, டிஸ்கோசோமா என்ற பவளப்பாறை உறவு உயிரினத்தில் இருந்து 1999-ல் கிடைத்தது.

வலையில் ஏறினால் கை அரிக்கிறது என்று மீனவர்கள் உதறித் தள்ளும் ஜெல்லி மீனின் உறவினம்தான், இன்று புற்றுநோய் ஆய்வகத்தில் விளக்குப் பிடிக்கிறது.

'மூலிகை புற்றுநோயைக் கொன்றது' என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

தமிழ்நாட்டில் பல கல்லூரி ஆய்வகங்களில் இலை, வேர், கடற்பாசி ஆகியவற்றின் சாற்றைப் புற்றுநோய் செல்லில் ஊற்றிப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. புனேவில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் இருந்து செல்களை வாங்குவார்கள். சாற்றைக் கொடுத்து, சாயம் போட்டு, படம் எடுப்பார்கள். இது நேர்மையான, தேவையான முதல் படி. ஆனால் செய்தியாக வரும்போது அது 'புற்றுநோய்க்கு மருந்து' என்று ஆகிவிடுகிறது. அதை நம்பி யாராவது நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தினால், இழப்பு உயிர்.

அப்படி ஒரு செய்தி வந்தால் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

நல்ல செல்லுக்கு என்ன ஆச்சு? தட்டில் உப்பை அள்ளிக் கொட்டினாலும் புற்றுநோய் செல் சாகும். நல்ல செல்லும் சேர்ந்து சாகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

ஒளிர்ந்தது சாயமா, சாறா? மஞ்சளில் இருக்கும் குர்குமின் தானாகவே பச்சையாக ஒளிரும். அதைச் செல்லில் ஊற்றிவிட்டு பச்சை தெரிகிறதா என்று பார்த்தால், அனெக்சின் ஒட்டியதா, மஞ்சள் ஒட்டியதா என்று குழம்பும். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தும் தானாகச் சிவப்பாக ஒளிரும். சாயம் போடாமல் சாறு மட்டும் கொடுத்த செல்லையும் தனியாகப் பார்த்தால்தான் நம்பலாம்.

ஒரே ஒரு சாயத்தை நம்பினார்களா? பாஸ்ஃபடிடைல்செரின் வெளியே வருவது சாகும் செல்லில் மட்டும் நடப்பதில்லை. ரத்தம் உறையும்போது தட்டணுக்களும் அதை வெளியே காட்டும். செல்லைத் தட்டிலிருந்து பிரித்தெடுக்கும்போது சுவரில் கீறல் விழுந்தாலும் தப்பான விடை வரலாம். அதனால்தான் குறைந்தது இரண்டு, மூன்று அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

தட்டிலா, உடம்பிலா? தட்டில் ஊற்றிய அளவு ரத்தத்தில் வந்து சேருமா, கல்லீரல் அதை உடைத்துவிடாதா என்பதெல்லாம் அடுத்தடுத்த கேள்விகள். மனிதர்களிடம் சோதிக்கும் அளவுக்கு வந்த மருந்துகளிலேயே பத்தில் ஏறத்தாழ ஒன்பது கடைசி வரை தேறுவதில்லை.

கடற்கரை மணலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து கிழக்கே இனயம், மிடாலம், குளச்சல், மணவாளக்குறிச்சி என்று நீளும் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதில் தோரியம் உண்டு. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையின் மோனசைட்டை அடையாளம் கண்டார். இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது என்று சொல்வார்கள்.

கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் இந்த மணலை எடுக்கும் ஐஆர்இஎல் நிறுவனத்தின் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. 2024 அக்டோபர் 1-ம் தேதி நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இந்த விவாதம் வரும்போதெல்லாம், 'இந்த மணலால் புற்றுநோய் வருமா?' என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஒளிரும் அடையாளங்கள் இதில் ஒரு சிறு பகுதிக்குப் பதில் தேட உதவுகின்றன. கதிரியக்கம் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் உடைத்தால், உடைந்த இடத்தில் காமா எச்2ஏஎக்ஸ் என்ற அடையாளத்தைச் செல் தானாகவே போட்டுவைக்கும். அதோடு ஒட்டும் ஒளிரும் எதிர்ப்புரதத்தைக் கொடுத்தால், உட்கருவுக்குள் புள்ளி புள்ளியாக மின்னும். புள்ளிகளை எண்ணலாம். உடைப்பைச் சரிசெய்ய முடியாவிட்டால், செல் உதிரும் பாதைக்குப் போகும்.

இதே மாதிரி மோனசைட் மணல் உள்ள கேரளக் கடற்கரையில் இந்தச் சோதனையைப் பாபா அணு ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள் செய்திருக்கிறார்கள். அங்கே இயற்கைக் கதிரியக்கம் ஆண்டுக்கு 1 மில்லிகிரேக்குக் குறைவாக உள்ள இடங்களும் உண்டு, 45 மில்லிகிரே வரை போகும் இடங்களும் உண்டு. அப்பகுதி மக்களின் ரத்த வெள்ளணுக்களில் இந்த வகை டிஎன்ஏ உடைப்பு அதிகரித்திருக்கவில்லை என்று 2016-ல் வெளியான அவர்களின் ஆய்வு சொன்னது. கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வு 2009-ல் வெளியானது. இயற்கைக் கதிரியக்கத்தால் அங்கே புற்றுநோய் கூடியதற்கான சான்று கிடைக்கவில்லை என்பது அதன் முடிவு.

இதை வைத்து 'எந்தக் கவலையும் வேண்டாம்' என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அவை கேரளக் கரையில், மணல் இயற்கையாகக் கிடக்கும் நிலையில், அங்கே குடியிருப்பவர்களிடம் செய்த ஆய்வுகள். மணலைத் தோண்டி, பிரித்து, தூசி மூச்சில் போகும் சூழல் வேறு. நிலத்தடி நீர், கடலரிப்பு, தொழில், குடியிருப்பு பற்றிய கேள்விகளுக்கு எந்தச் சாயமும் பதில் சொல்லாது. அதேபோல 'இங்கே எல்லாருக்கும் புற்றுநோய் வரும்' என்பதற்கும் இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. குமரிக் கரைக்கான பதில், குமரிக் கரையில் அளந்துதான் கிடைக்க வேண்டும். எதை அளக்க வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு விஷயம் தெரிந்திருப்பது, அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் உதவும்.

சுருக்கமாக

- செல் இரண்டு விதமாகச் சாகலாம்: ஓலை மாதிரி உதிரலாம், புயலில் முறிந்த மரம் மாதிரி உடையலாம்.
- திருப்பிப் போட்ட சுவர், உடைந்த கதவு, விழித்த கத்தரிக்கோல் ஆகிய மூன்றும்தான் ஒளிரும் சாயங்கள் தேடும் அடையாளங்கள்.
- ஒரே ஒரு நிறத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.
- தட்டில் செல் செத்தது என்பது மருந்து கிடைத்தது என்று ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.

துறைமுகத்தில் அனுபவசாலி ஒருவர் செவுளை மட்டும் பார்த்துவிட்டுக் காசை எடுக்க மாட்டார். கண்ணையும் பார்ப்பார், சதையையும் அழுத்திப் பார்ப்பார், மோந்தும் பார்ப்பார். அறிவியலும் அப்படித்தான் செய்கிறது. செய்தியைப் படிக்கிறவர்களும் அப்படியே செய்யலாம்.